டெபாசிட்கூட வாங்காத கட்சியில் கிளைப் பொறுப்பு கொடுத்தால் ஏற்கலாமா?

கேள்வி: "எங்கள் பகுதியில் ஒரு சின்னக் கட்சி, கிளைச் செயலாளர் பொறுப்பு தருகிறோம் என்கிறார்கள். தேர்தலில் ஒரு சதவீதம்கூட வாங்காத கட்சி. உள்ளே என்னதான் வேலை நடக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

சேலம் அஸ்தம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சில வருடங்களாக ஒரு சின்னக் கட்சியில் ஏற்காடு ஒன்றியப் பொறுப்பு. கட்சிப் பெயர் வேண்டாம். சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்த மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். கடை இருப்பதால்தான் உங்களுக்குப் பொறுப்பே கொடுத்தார்கள் என்று வீட்டில் ஒரு கிண்டல் உண்டு. அது பொய் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

உள்ளே வந்தது 2018-இல், சேலம்-சென்னை எட்டு வழிச்சாலைக்கு நிலம் அளந்து கல் நட்ட நேரம். குப்பனூர், ராமலிங்கபுரம் பக்கம் வயலில் நின்று அழுதவர்களோடு அன்றைக்கு நின்றது யார் யார் என்று பார்த்தேன், அவர்களோடு சேர்ந்தேன். அவ்வளவுதான் என் கொள்கை விளக்கம். 2019 ஏப்ரல் 8 அன்று உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தியது செல்லாது என்றது. பட்டாசு வெடித்தோம். அதற்கடுத்த கிளைக் கூட்டத்துக்கு வந்தது நான்கு பேர், அதில் ஒருவர் டீ மாஸ்டர். பிரச்சினை இருக்கும்வரை கூட்டம், தீர்ந்தால் அவரவர் வேலை. இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன், நானும் அந்த மாதம் கடையைத்தான் பார்த்தேன்.

"ஜெயிக்க மாட்டோம் என்று தெரிந்தும் ஏன் நிற்கிறீர்கள்" என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரு காரணம் சட்டம். ஆறு வருடமாக ஒரு தேர்தலிலும் நிற்கவில்லை என்று 2025 ஆகஸ்டில் மட்டும் 334 கட்சிகளைத் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. பெயர் நிலைக்க வேண்டுமென்றால் நின்றாக வேண்டும். ஏற்காடு பழங்குடியினர் தனித் தொகுதி, அதனால் டெபாசிட் 5,000 ரூபாய்தான், பொதுத் தொகுதியில் பாதி. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் திரும்பி வரும். நாங்கள் அதை வரவு செலவில் நேராகச் செலவுப் பக்கத்தில் எழுதிவிடுவோம்.

பணத்தைவிடப் பெரிய தலைவலி முன்மொழிபவர்கள். நிலையான சின்னம் வைத்திருக்கும் அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு ஒரே ஒரு ஆள் போதும். எங்களைப் போன்ற பதிவு மட்டும் பெற்ற கட்சிக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும், பாகம் எண், வரிசை எண் பிசகக் கூடாது. கைநாட்டு வைப்பவர் என்றால் அதிகாரி முன்னால் வைக்க வேண்டும். 2021-இல் விவரம் தெரிந்தவர்கள் சொன்னபடி பத்துக்குப் பதினான்கு பேரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தோம். இரண்டு பேர் வழியிலேயே வாந்தி எடுத்து நின்றுவிட்டார்கள். பட்டியலைப் பிரித்து வைத்துப் பார்த்தால் இன்னும் இரண்டு பேருக்கு ஓட்டு கல்யாணத்துக்கு முன்னால் இருந்த ஊரில், பக்கத்துத் தொகுதி. மிஞ்சியது சரியாகப் பத்து. அன்றைக்கு எனக்கு வந்த படபடப்பு ஓட்டு எண்ணும் நாளில்கூட வரவில்லை.

பிறகு சின்னம். அந்தத் தேர்தலில் மனு திரும்பப் பெற மார்ச் 22 கடைசி, அது முடிந்த பிறகுதான் எங்கள் சின்னம் இன்னது என்று உறுதியானது. ஏப்ரல் 4 இரவு 7 மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. ரெண்டு வாரம்கூட இல்லை. காப்பித் தோட்டத்துக்குப் போகிறவர்கள் வீடு திரும்ப மாலை ஆகிவிடும், மலையில் அதற்குமேல் ஒரு நாளைக்கு இரண்டு ஊர் போனால் பெரிது. பெரிய கட்சிக்காரர் வந்து இரண்டு விரலைக் காட்டினாலும் கையை விரித்தாலும் பாட்டிக்குப் புரிந்துவிடும். நாங்கள் பிட் நோட்டீசில் இருந்த சாமான் படத்தைக் காட்டி, "இது என்னங்கம்மா?" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தோம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். தேர்தல் முடிந்து சில வாரத்தில் படிவம் 20 என்று ஒன்று தேர்தல் அதிகாரி தளத்தில் வரும். எந்த பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று வரிசையாக இருக்கும். கட்சித் தலைமை அதைப் பார்க்காது, மேடைக்கு உதவாத காகிதம் அது. நான் என் கடை மிஷினிலேயே பிரிண்ட் எடுத்தேன். எங்களுக்கு 11 உறுப்பினர்கள் இருந்த பூத் ஒன்று. ரசீது போட்டு சந்தா வாங்கியவர்கள். அங்கே எங்களுக்கு விழுந்த ஓட்டு 6.

கூட்டம் போட்டோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு அண்ணன், "மிஷின்ல ஏதோ பண்ணிட்டாங்க" என்றார். பூத்தில் ஏஜென்டாக உட்கார்ந்த பையன் (அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரர்களுக்குப் பிறகுதான் எங்களுக்கு இடம், கிட்டத்தட்ட கதவோரம்) மாலையில் கேட்டு வாங்கிய 17சி நகலை, அதாவது பூத்தில் பதிவான மொத்த ஓட்டுக் கணக்குப் படிவத்தை, எடுத்து வைத்தான். மொத்த ஓட்டு இரண்டிலும் ஒன்றே. அண்ணன் டீயைக் குடித்தார். அப்புறம் ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "வீட்ல எல்லாரும் அந்தப் பக்கம் போட்டாங்க. நான் மட்டும் எதுக்கு வீணாக்கணும்னு..."

எங்கள் கிளை உருப்பட்டது என்று சொன்னால் அந்த வாக்கியத்திலிருந்துதான். அதற்குப் பிறகு பிளெக்ஸ் செலவை நிறுத்தினோம், காகித வேலைக்குப் போனோம். தமிழ்நாட்டில் நோட்டா பொத்தான் முதன்முதலில் வந்தது இதே ஏற்காட்டில்தான், 2013 டிசம்பர் இடைத்தேர்தல். 4,431 பேர் அதை அழுத்தினார்கள். "இவங்க யாரும் வேண்டாம்" என்று அத்தனை பேர் வரிசையில் நின்று சொன்ன இடத்தில், இன்னொரு கொடியைத் தூக்கிக்கொண்டு போய் என்ன பேசுவது?

காகித வேலை என்றால் வாக்காளர் பட்டியல், சாதிச் சான்று, கிராம சபை. பட்டியல் நகல் அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு இலவசம், நாங்கள் தளத்தில் இறக்கிப் பக்கம் பக்கமாக எடுக்க வேண்டும். ஒரு எஸ்டேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் போன குடும்பங்களுக்குப் படிவம் 8, பதினெட்டு முடிந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6. மலையாளி சமூகத்துப் (கேரளக்காரர்கள் இல்லை, இந்த மலைப் பழங்குடியினர்) பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்று தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். இது தெரியாமல் தப்பான இடத்துக்கு அலைந்து இரண்டு நாள் கூலி போனவர்கள் நிறைய.

2022 அக்டோபர் 2 கிராம சபை மறக்காது. மலையில் ஓர் ஊராட்சி. எனக்கு அங்கே ஓட்டு இல்லை, அதனால் பேச உரிமை இல்லை. வெளியே சில்வர் ஓக் மரத்தடியில் நின்றேன். மழை வந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஓடையைத் தாண்ட முடியாத ஊர், அங்கிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும், எழுதப் படிக்கத் தெரியாது. மனுவை நாலு தடவை வாசித்துக் காட்டியிருந்தோம், மனப்பாடமாகச் சொல்லி முடித்தார்.

"எழுதிக்கிட்டோம்மா, உட்காருங்க."

"எழுதினதை வாசிங்க."

சலசலப்பு. வாசித்தார்கள். "இதர கோரிக்கைகள்" என்று இருந்தது.

"நான் எங்கய்யா அப்படிச் சொன்னேன்? பாலம்னு எழுதுங்க. எந்த ஓடைன்னு எழுதுங்க."

எழுதினார்கள். தீர்மானப் பதிவேட்டில் அந்த வார்த்தை ஏறியதால்தான் பிறகு மனு போட்ட இடத்திலெல்லாம் நகலைக் காட்ட முடிந்தது. பாலம் வந்தது. திறப்பு அன்று பிளெக்ஸில் இருந்த முகங்களில் ஒன்றுகூட அந்தக் கிராம சபைக்கு வந்ததில்லை. கடுப்பாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்த அம்மாவிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன், போன தேர்தலில் எங்களுக்குப் போட்டீர்களா என்று. "இல்ல தம்பி" என்றார், துளிக் கூச்சம் இல்லை. "அதுக்கு முந்தின தடவை வேற ஏதோ சாமான் காட்டினீங்க, இந்தத் தடவை வேற சாமான். மிஷின் முன்னால நின்னா எது உங்களுதுன்னே தெரியல. தெரிஞ்ச சின்னத்துல குத்திட்டு வந்துட்டேன்." எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பதால் அங்கே மட்டும் எங்கள் ஆட்களின் முகத்துக்கு ஓட்டு விழுகிறது. அதே ஆள் பச்சை நிற ஓட்டுச் சீட்டில், ஒன்றியக் கவுன்சிலருக்குக் கட்சிச் சின்னத்தில் நின்றால் போச்சு.

அந்த அம்மா போன மாதம்கூடக் கடைக்கு வந்தார், பக்கத்து வீட்டு மருமகளுக்குப் படிவம் 8 போட. பத்து ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

ஆகவே, பொறுப்பு தருகிறோம் என்பவரிடம் கொள்கை, தலைவர் எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு கேள்வி: "நம்ம பூத்ல போன தடவை நமக்கு எத்தனை ஓட்டு?" எண்ணிக்கை சொன்னால், மூன்றோ நான்கோ எதுவாக இருந்தாலும், கூட உட்கார்ந்து பேசுங்கள். "நல்ல ஓட்டு வாங்கியிருக்கோம் தம்பி" என்றால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். டீக்காசு நீங்களே கொடுத்துவிடுவது நல்லது.