புரதத்தை அழுத்தி எக்ஸ்-கதிரில் பார்க்க வைர ஜன்னல் எதற்கு?

புரதக் கரைசலில் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, அது சிறு கோணங்களில் எப்படிச் சிதறுகிறது என்று பார்க்கும் சாதாரணச் சிதறல் ஆய்வுக்கு மெல்லிய கண்ணாடிக் குழாயே போதுமே, அழுத்தம் கொடுக்கும்போது மட்டும் கதிர் புகுந்து வெளிவர வைர ஜன்னல் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

புரதக் கரைசலை 300, 400 மெகாபாஸ்கல் வரைகூட அழுத்துவார்கள். உலகின் மிக ஆழமான கடலடியில் இருப்பதே சுமார் 110தான். அதற்கு மெல்லிய கண்ணாடி தாங்காது. பெரிலியத்தில் எக்ஸ்-கதிர் எளிதாகப் புகும்; ஆனால் அது நச்சு, தன் பங்குக்குச் சிதறலையும் சேர்த்துவிடும். ஒற்றைப் படிக வைரம் வலிமையானது, சிறு கோணத்தில் தன் சிதறலை அதிகம் கலக்காமல் சுத்தமாகவும் இருக்கும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு, உறிஞ்சல். கதிர் நுழைய ஒன்று, வெளியேற ஒன்று என அரை மில்லிமீட்டர் வைரம் இரண்டு வைத்தால், 8 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள கதிரில் ஐந்தில் ஒரு பங்குதான் மறுபக்கம் வரும். 15க்கு ஏற்றினால் முக்கால்வாசி வந்துவிடும். அதனால்தான் சிங்க்ரோட்ரானில் (வலுவான எக்ஸ்-கதிர் தரும் துகள் முடுக்கியில்) ஆற்றலைக் கூட்டி வைத்து அளக்கிறார்கள்.

அப்புறம், எளிதாகத் தவறு நேரும் இடம் தாங்கல் கரைசல், அதாவது புரதம் கரைந்திருக்கும், பிஎச் (அமிலத்தன்மை அளவு) மாறாமல் பார்த்துக்கொள்ளும் கரைசல். அழுத்தத்தில் நீர் புரதத்தைவிட அதிகமாகச் சுருங்கும். இரண்டுக்குமான அடர்த்தி வேறுபாடு குறைந்து சமிக்ஞை மங்கும். ஆகவே ஒவ்வோர் அழுத்தத்திலும் புரதம் இல்லாத வெறும் கரைசலைத் தனியே அளந்து கழித்தே ஆக வேண்டும். தாங்கல் கரைசல் வகைகளில் பாஸ்பேட்டின் பிஎச் அழுத்தத்தோடு நகரும், டிரிஸின் பிஎச் அவ்வளவாக நகராது. என்னைக் கேட்டால் டிரிஸ்தான்.