வாசகர் கேள்வி: இரண்டே முக்காலை ஆறால் பெருக்கும்போது

கேள்வி: நடன நிகழ்ச்சிக்குப் பாவாடை ஒன்றுக்கு 2¾ மீற்றர் வீதம் 6 பாவாடைகளுக்கு எவ்வளவு துணி வேண்டும் என்ற கணக்குக்கு, எட்டாந் தரத்தில் படிக்கும் என் மகள் 12¾ என விடை எழுதினாள். நான் 2ஐயும் ¾ஐயும் தனித்தனியே 6ஆல் பெருக்கிக் கூட்டி, 16½ என்று காட்டினேன். வகுப்பிலோ கலப்பு எண்ணை முதலில் முறைமையில்லாப் பின்னமாக மாற்றச் சொல்கிறார்களாம். என் வழி பிழையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பிழையன்று. 2¾ என்பது 2 + ¾ தான். இடையிலுள்ள கூட்டற்குறியை எழுதாமல் விடுகிறோம், அவ்வளவே. ஆகவே ஆறால் பெருக்கும்போது இரு பகுதிகளையும் பெருக்க வேண்டும்: 2 × 6 = 12, ¾ × 6 = 18/4 = 4½, கூட்டினால் 16½. உங்கள் மகள் முழுவெண்ணை மட்டும் பெருக்கியதால், ஆறு பாவாடைகளுக்குரிய ஆறு முக்கால் மீற்றர்களில் ஒன்று மட்டுமே கணக்கில் சேர்ந்து, ஏனைய ஐந்தும், அதாவது 3¾ மீற்றர் துணி, விடுபட்டுப் போயிற்று.

இதே பிழை வேறோர் உருவத்திலும் வரும். சில பிள்ளைகள் ¾ இன் தொகுதியெண், பகுதியெண் இரண்டையும் ஆறால் பெருக்கி 18/24 என எழுதி, பின்னத்தையும் பெருக்கிவிட்டதாக நிறைவடைவார்கள். சுருக்கினால் 18/24 மீண்டும் ¾ தான். எனவே அவர்களுடைய விடையும் 12¾ ஆகவே நிற்கும். பெருக்க வேண்டியது தொகுதியெண்ணை மட்டுமே.

வகுப்பு வழியில் 2¾ என்பது 11/4 ஆகிறது; 11/4 × 6 இல் 4ஐயும் 6ஐயும் 2ஆல் சுருக்கினால் 11/2 × 3 = 33/2 = 16½. எதையும் பெருக்காமல் விட இவ்வழியில் இடமில்லை. தவிரவும், இரு கலப்பு எண்களைப் பெருக்கும்போது இதன் பயன் நன்கு தெரியும்: 2½ × 3⅓ என்பதில் முழுவெண்களைத் தனியாகவும் பின்னங்களைத் தனியாகவும் பெருக்கினால் 6⅙ என்ற பிழையான விடை வர, 5/2 × 10/3 என எழுதினால் 8⅓ என்ற சரியான விடை கிடைக்கிறது. பரீட்சையில் மகள் இவ்வழியிலேயே எழுதட்டும்.

ஆனால் 48¾ × 7 போன்ற கணக்குக்கு நான் உங்கள் பக்கமே நிற்பேன். 336உடன் 5¼ஐக் கூட்டி 341¼ என்பதை மனத்திலேயே சொல்லிவிடலாம். மற்றைய வழியிலோ 1365ஐ 4ஆல் வகுக்க வேண்டும்.

விடையைச் சரிபார்க்கையில், அது 12க்கும் 18க்கும் இடையில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. 12¾ அந்தச் சோதனையில் தப்பிவிடும். 2¾ என்பது 3க்குக் கால் குறைவு என்பதால், 18இலிருந்து ஆறு காலை, அதாவது 1½ஐ, கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.