பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஏன் ஹாங்காங்கில் நடந்தன?

2008-இல் பெய்ஜிங்கில் அரங்கம் கட்டுவது பெரிய விஷயமே இல்லை. சிக்கல், குதிரைகளின் உடல்நலம்.

பல நாடுகளிலிருந்து வரும் குதிரைகள், போட்டி முடிந்ததும் எந்தத் தொற்றையும் சுமக்காமல் வீடு திரும்ப வேண்டும். அதற்கு நோயற்றது என்று உறுதிசெய்யப்பட்ட பகுதி தேவை. பெய்ஜிங்கில் அதை உருவாக்குவது கடினமாக இருந்தது. ஹாங்காங்கின் ஷா டினில் பந்தயக் குதிரைகளுக்கான மருத்துவ வசதிகள் ஏற்கெனவே இருந்தன. அங்கே குளிரூட்டிய லாயங்கள் அமைத்தார்கள். ஆகஸ்ட் புழுக்கத்தைத் தவிர்க்க, அரங்கப் போட்டிகளைப் பெரும்பாலும் இரவில் வைத்தார்கள். என் பார்வையில் இது மிகச் சரியான முடிவு.

இது முதல் முறையும் அல்ல. 1956-இல் ஆஸ்திரேலியாவின் கடுமையான தனிமைப்படுத்தல் விதிகளால், மெல்போர்ன் ஒலிம்பிக்கின் குதிரையேற்றம் மட்டும் ஸ்டாக்ஹோமுக்குப் போனது.

சரி, இடம் கிடைத்துவிட்டால் அடுத்த கவலை தரை. அது இறுகியிருந்தால் குதிரையின் மூட்டுகள் அடிவாங்கும். தளர்ந்திருந்தால் தசைநாண்கள் இழுபடும். அதனால்தான் மணலில் செயற்கை இழைகளைக் கலக்கிறார்கள். 2012-இல் லண்டனின் கிரீனிச் பூங்காவில் இன்னொரு நெருக்கடி: அது பழமையான பூங்கா, தரையும் சரிவு, தோண்டவும் கூடாது. எனவே ஏராளமான கால்களின் மேல் ஒரு மேடை எழுப்பி, அதன்மேல் மணலைப் பரப்பி அரங்கம் அமைத்தார்கள். போட்டிகள் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பூங்காவைத் திருப்பிக் கொடுத்தார்கள்.