ரோடு ஹோல்: நாலு வந்தால் லாபம், அஞ்சு வந்தால் நஷ்டமில்லை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ஹோலைப் பற்றியவை. வேர்ல்டு கோல்ஃப் டூர் என்ற இணைய விளையாட்டில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸின் 17-வது ஹோலை, அதாவது ரோடு ஹோலை, ஆடியவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. மற்ற கேள்விகள் அடுத்த முறைக்கு.

கேள்வி: 16 வரை ஒழுங்காக வந்துவிடுகிறேன் சார். 17-ல் டீயில் (முதல் அடி அடிக்கும் இடம்) நின்றால் எதிரே கட்டடம்தான் தெரிகிறது. பயந்துகொண்டு இடப்பக்கம் ஒதுக்கி அடிக்கிறேன், பந்து ரஃபுக்குள் (நீளப் புல்) போய்விடுகிறது.

அந்தக் கட்டடத்துக்கு மேலேதான் அடிக்க வேண்டும். பழைய ரயில்வே ஷெட்டுகளின் சாயலில் கட்டியது அது. சுவரில் ஹோட்டலின் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். அதில் ஏதாவது ஓர் எழுத்தைக் காட்டி "இதுக்கு மேல அடிங்க" என்று சொல்வது அங்குள்ள கேடிகளின் (ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் உதவியாளர்கள்) வழக்கம். நீங்களும் ஓர் எழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று இடமிருந்து வலமாக வீசினால் குறியை இடப்பக்கம் நகர்த்துங்கள், ஏனென்றால் வலக்கோடியில் ஹோட்டல் வளாகம் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே போனால் ஓர் அடி போச்சு.

இடப்பக்கம் ஒதுங்குவதில் ரஃப் மட்டும் பிரச்சினை இல்லை. அங்கிருந்து கொடியைப் பார்த்தால் குறுக்கே பங்கர் என்ற மணல்குழி உட்கார்ந்திருக்கும். ஃபேர்வேயின் (வெட்டிய புல்பாதை) வலப்பாதியில் நின்றால்தான் கிரீனின் (கொடி நிற்கும் புல்தரை) வாய் திறந்து தெரியும். டிங் (பவர் அளவுகோலில் சரியான இடத்தில் நிறுத்துவது) கைக்கு வராத நாளில் டிரைவரை (மிக நீளமாக அடிக்கும் கிளப்) வைத்துவிட்டு 3-வுட்டை எடுங்கள். நீளம் குறையும், கூடவே விலகலும் குறையும்.

கேள்வி: டிவியில் 495 யார்டு என்றார்கள். எனக்குத் திரையில் வேறு காட்டுகிறதே?

2010 பிரிட்டிஷ் ஓபன் போட்டிக்காக டீயைப் பின்னால் தள்ளி 455-ஐ 495 ஆக்கினார்கள். விளையாட்டில் உங்கள் நிலைக்கு ஏற்ப டீ முன்பின் மாறும். எந்த டீயானாலும் பார் (முடிக்க வேண்டிய அடிகள்) 4 தான், தலைவலியும் ஒன்றுதான்.

கேள்வி: டிரைவ் நன்றாக விழுந்தால் 200 யார்டு சொச்சம் மிச்சம் இருக்கும். கொடிக்கு நேராகத்தான் அடிக்கிறேன். கிரீனில் விழுந்த பந்து அந்தப் பக்கம் ஓடிவிடுகிறது. எந்தக் கிளப்பை எடுப்பது?

கிளப்பை மாற்றிப் பயனில்லை, குறியை மாற்றுங்கள். இந்த கிரீன் குறுக்குவாட்டில் நீளம், ஆழத்தில் ஒடுக்கம். தரையிலிருந்து மேடாக வேறு இருக்கிறது. அதற்கு முன்னால் பங்கர், பின்னால் தார்ச்சாலை, அதையும் தாண்டிக் கற்சுவர். நீண்ட அயர்னில் (தூர அடிக்கான இரும்புக் கிளப்) வரும் பந்து தாழ்வாக வந்து விழும், நிற்காது. 1984 ஓபனின் கடைசி நாளில் டாம் வாட்சன் 2-அயர்னில் அடித்த பந்து கிரீனைத் தாண்டிச் சுவரோரம் போய்க் கிடந்தது. அங்கே அவருக்கு போகி (பாரைவிட ஓர் அடி அதிகம்). முன்னால் ஆடிய செவ் பாலெஸ்டெரோஸ் 17-ல் பார், 18-ல் பர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு). கோப்பை அவருக்குப் போனது.

நான் ஆடும் முறை இது: கிரீனின் வலது முன்பக்கத்தைக் குறிவைத்து, வேண்டுமென்றே இருபது யார்டு குறைவாக அடிப்பேன். லிங்க்ஸ் (கடலோர மைதானம்) தரை இறுகியது, பந்து தானாகவே உருண்டு போகும். மேட்டில் ஏறினால் நல்லது. ஏறாவிட்டால் அங்கிருந்து வெட்ஜைத் (பந்தை உயரே தூக்கும் கிளப்) தொடாமல் பட்டரையே (தரையில் உருட்டும் கிளப்) எடுப்பேன். 20 யார்டு என்பது 60 அடி. ஏற்றத்துக்கும் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருப்பதால் பட்டர் அளவை 100 அடிக்கு மாற்றிவிட்டுத்தான் பவர் வைப்பேன். மாற்ற மறந்து, மேட்டின் பாதியில் நின்று திரும்பி என் காலடிக்கே உருண்டு வந்த பந்துகளுக்குக் கணக்கில்லை.

எதிர்காற்று பலமாக இருந்தால் பஞ்ச் ஷாட், அதாவது தாழ்வான அடி. உயரே போகும் பந்தைக் காற்று அமுக்கிவிடும்.

கேள்வி: கொடி பங்கருக்கு நேர் பின்னால். எதிராளி ஏற்கெனவே கிரீனில். அப்போதாவது கொடிக்கு அடிக்கலாமா?

மேட்ச் ப்ளே (ஹோல் ஹோலாக வெற்றி தோல்வி) என்றால், தோற்றாலும் ஒரு ஹோல்தானே, அடித்துப் பாருங்கள். ஸ்ட்ரோக் ப்ளேயில் (மொத்த அடிகளின் கணக்கு) கூடவே கூடாது. 1978 ஓபனில் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். பட் செய்த பந்து சரிவில் இறங்கி பங்கருக்குள் போனது. வெளியே எடுக்க நான்கு அடி, மொத்தம் 9. 2000-ல் டேவிட் டுவாலுக்கும் அதே குழியில் நான்கு அடி போனது, கணக்கு 8.

இதில் நகாஜிமா கதையைத்தான் மறக்கக் கூடாது. கிரீனில் ஏறிவிட்டோம் என்று பலர் அசந்துவிடுகிறார்கள். திரையில் கிரீன்மேல் தெரியும் கட்டத்தில் நகரும் புள்ளிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பாருங்கள். பங்கர் பக்கம் ஓடினால், கொடியை விட்டு ஆறடி தள்ளி நின்றாலும் பரவாயில்லை என்று பட் செய்யுங்கள்.

கேள்வி: விழுந்தே விட்டது. எப்படி வெளியே வருவது?

இருப்பதிலேயே அதிக லாஃப்ட் (முகச் சாய்வு) உள்ள வெட்ஜ். திரையில் காட்டும் லை (பந்து கிடக்கும் நிலை) சதவீதத்தைப் பார்த்து அந்த அளவுக்குப் பவரைக் கூட்டுங்கள். பந்து முன்சுவரை ஒட்டிக் கிடந்தால் கொடியை மறந்துவிட்டுப் பக்கவாட்டிலோ பின்னாலோ அடித்து வெளியே வாருங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. முதலில் முன்னால் ஒன்று அடித்து, அது சுவரில் மோதித் திரும்பிய பிறகுதான் கேட்கிறார்கள்.

கேள்வி: ஹிமெனெஸ் மாதிரி சுவரில் அடித்துத் திருப்பிக் கிரீனுக்குக் கொண்டுவர முடியுமா?

2010 ஓபனில் மிகேல் ஆங்கெல் ஹிமெனெஸ் அதைச் செய்தார். சுவரோரம் கிடந்த பந்தைக் கொடிக்கு முதுகைக் காட்டி நின்று சுவரிலேயே அடிக்க, அது எகிறிக் கிரீனில் வந்து விழுந்தது. பார்த்த ஆசையில் நானும் பயிற்சி ஆட்டத்தில் ஐந்து முறை முயன்றேன். நான்கு முறை பந்து சாலையிலேயே கிடந்தது. ஐந்தாவது முறை அருமையாக எகிறி, கிரீனைக் கடந்து, நேராக பங்கருக்குள் போனது.