கரண்ட் வைத்து இரண்டு வருடம் கழித்துத் தலைவலி

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 46. இரண்டு வருடம் முன்பு மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்து, அப்புறம் ஆறு வாரம் கரண்ட் வைத்தார்கள். நன்றாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் இப்போது தலைவலி என்கிறார், பேச்சில் வார்த்தை வராமல் திணறுகிறார். எம்.ஆர்.ஐ.யில் பழைய இடத்திலேயே ஏதோ தெரிகிறதாம். கட்டி திரும்பிவிட்டதா? அண்ணியிடம் என்ன சொல்வது?
- வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: அண்ணியிடம் இப்போதைக்கு, இன்னும் முடிவு தெரியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள், அதுதான் உண்மை. கட்டி திரும்பியிருக்கலாம். ஆனால் ரேடியேஷனின், அதாவது கரண்ட் வைத்ததன், தாமதமான பாதிப்பும் அச்சு அசலாக இப்படித்தான் வரும்.

கதிர் கட்டியை மட்டும் தொட்டுவிட்டுப் போவதில்லை, பக்கத்திலுள்ள நல்ல மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் சேதப்படுத்துகிறது, அந்தச் சேதம் மெல்ல மெல்ல முற்றி, அங்கே திசு செத்து, சுற்றிலும் நீர் கோத்து வீங்கும்போதுதான் வெளியே தெரியவரும். ரேடியேஷன் நெக்ரோசிஸ் என்பார்கள். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடத்துக்குள் வரும், சிலருக்குப் பல வருடம் கழித்தும் வருவதுண்டு.

மருந்து ஏற்றி எடுக்கும் சாதாரண கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ.யில் இரண்டும் ஒரே மாதிரி பளிச்சென்று தெரியும். அதனால் அந்த இடத்தின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன், அங்குள்ள ரசாயனங்களைக் காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோபி, தேவைப்பட்டால் பெட் ஸ்கேன் செய்து பார்ப்பார்கள், அப்படியும் புரியாவிட்டால் சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் அல்லது துளி திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. அந்தக் காத்திருப்பு கொடுமைதான், தெரியும். அவசரப்பட்டுத் தவறான சிகிச்சையில் இறங்குவது அதைவிட மோசம்.

நம் ஊரில் ரேடியேஷன் ஒரு ஆஸ்பத்திரியில், ஸ்கேன் வேறொரு சென்டரில் என்று அலைகிறோம். அதனால் எத்தனை கிரே (கதிரின் அளவு) கொடுத்தார்கள், எந்தப் பகுதிக்கு, எப்போது முடிந்தது என்ற விவரத்தையும் பழைய ஸ்கேன் சிடிக்களையும் வாங்கி, இப்போது பார்க்கும் டாக்டரிடம் கொடுங்கள். புது ஸ்கேனை மட்டும் பார்த்து யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

நெக்ரோசிஸ் என்றால் வழி இருக்கிறது. வீக்கம் குறைய டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள்; சர்க்கரை ஏறும், அதைக் கவனியுங்கள், தலைவலி போய்விட்டதே என்று நீங்களாக மாத்திரையைச் சட்டென நிறுத்தாதீர்கள். அதற்கும் அடங்காவிட்டால் பெவாசிசுமாப் ஊசி, சிலருக்கு ஆபரேஷன்.

திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, பேச்சு நின்றாலோ, வலிப்பு வந்தாலோ, ரேடியேஷனால்தான் என்று நினைத்து வீட்டில் காத்திருக்க வேண்டாம், அது பக்கவாதமாகவும் இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், மூளைக்குக் கரண்ட் வைத்தவர் என்பதை எமர்ஜென்சி டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.