மின்சார ரயிலில் போகும் மகளுக்கு எந்தச் சங்கிலி?

கேள்வி: மும்பை முலுண்டில் வசிக்கிறோம். வேலைக்குச் சேர்ந்திருக்கும் மகளுக்கு, தினமும் அணிய 2 பவுனில் சங்கிலி வாங்க நினைக்கிறோம். தாதரில் ரயில் மாறி அந்தேரி போகிறாள். ஒரு கடையில் 1 பவுனிலேயே பார்வைக்குக் கனமான சங்கிலி காட்டினார்கள். வாங்கலாமா? என் பழைய சங்கிலி மங்கிவிட்டது. மெருகு போடலாமா?

பதில்: அந்த 1 பவுன் சங்கிலி வேண்டாம். எடைக்கு மீறிப் பருமனாகத் தெரிந்தால், பெரும்பாலும் உள்ளே கூடாகச் செய்த சங்கிலிதான். தங்கத்தில் குறை இருக்காது, ஹால்மார்க்கும் இருக்கும். தகடுதான் மெல்லியது. நசுங்கினால் நிமிர்த்துவது பெரும்பாடு. அறுந்தால் பற்றவைக்கும் சூட்டிலேயே ஓட்டை விழக்கூடும். கல்யாணத்துக்குக் கல்யாணம் அணிந்து கழற்றி வைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மாலை ஆறு மணிக்குத் தாதரில் ஏறுகிறவருக்கு அது ஆகாது.

2 பவுன், அதாவது 16 கிராம், போதும். ஆனால் நீளத்தைக் கவனியுங்கள். 18 அங்குலத்துக்குப் பதில் 24 அங்குலமாக எடுத்தால், அதே தங்கம்தான் நீள்கிறது. ஒவ்வோர் அங்குலமும் கால் பங்கு எடை குறைந்து மெலிகிறது. கழுத்தை ஒட்டிக் கிடக்கும் 18 அங்குலம் உடைக்குள் அடங்கும், நெரிசலில் அடுத்தவர் பையில் மாட்டாது.

ஸ்நேக் செயின் பளபளவென்று மயக்கும். ஒரு முறை மடிந்தால் அந்தத் தழும்பு போகாது. கண்ணிகள் நெருக்கமான கோதுமைச் சங்கிலியோ பாக்ஸ் செயினோ நன்றாக உழைக்கும்.

எல்லாரும் டிசைனைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கொக்கியை. 22 காரட் தங்கம் மென்மையானது. எஸ் கொக்கியைத் தினமும் நெம்பிக் கழற்றினால் வாய் மெல்ல விரியும், ஒரு நாள் தானே நழுவும். ஸ்பிரிங் வைத்த லாப்ஸ்டர் கொக்கி கேளுங்கள். கொக்கி மாட்டும் வளையத்தின் வாய் பற்றவைத்து மூடியிருக்கிறதா என்று விளக்கொளியில் திருப்பிப் பாருங்கள். உங்கள் பழைய சங்கிலியிலும் அந்த வளையத்தைப் பாருங்கள்: கொக்கி உரசும் பக்கம் மட்டும் தேய்ந்து கம்பி மெலிந்திருக்கும். டாலர் கோத்திருந்தால் அதன் வளையமும் அப்படியே. வளையத்தை மட்டும் மாற்ற ஆகும் செலவு சொற்பம். சங்கிலியே தொலைந்தால்தான் வயிற்றெரிச்சல்.

18 காரட் இன்னும் உறுதியானது, ஆனால் அதில் தங்கம் 75 சதவீதம்தான். 22 காரட்டில் 91.6. பிற்பாடு மாற்றி வாங்கும் எண்ணம் உண்டென்றால் 22 காரட்டே எடுங்கள், 16 கிராம் எடையில் அது தாங்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முத்திரை, 22கே916 என்ற தர எண், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்கள் கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற நகையின் தனி அடையாள எண் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் எச்.யு.ஐ.டி. கட்டாயம். கடையில் நிற்கும்போதே பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். மாட்டுங்காவின் தமிழர் கடைகளில் செய்கூலி, சேதாரம் என்பார்கள். ஜவேரி பஜாரில் மஜூரி என்பார்கள். எங்கே வாங்கினாலும் அது பில்லில் தனியாக இருக்கட்டும்.

இனி, உங்கள் பழைய சங்கிலி. மங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் வியர்வையும் பவுடரும் மஞ்சளும் கண்ணிகளுக்குள் அடைந்த அழுக்குதான். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டோ, பூந்திக்கொட்டைத் தண்ணீரிலோ கால் மணி நேரம் ஊறவைத்து, குழந்தைகளின் மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். கிண்ணத்துக்குள்ளேயே அலசுங்கள், குழாயடியில் வேண்டாம். முத்தோ அரக்கு வைத்த கல்லோ இருந்தால் ஊறவைக்கக் கூடாது. பற்பசை போட்டுத் தேய்ப்பது பல வீட்டு வழக்கம். அதிலுள்ள நுண்பொடி தங்கத்தில் கீறல் போடும். வாசனைத் திரவியம் அடித்து, அது உலர்ந்த பிறகே சங்கிலியை அணியுங்கள்.

இவ்வளவு செய்தும் மங்கலாகவே இருந்தால் மெருகு போடலாம், ஆனால் அடிக்கடி வேண்டாம். ஒவ்வொரு மெருகிலும் கொஞ்சம் தங்கம் போகும். கொடுக்கும் முன்னும் வாங்கும்போதும் உங்கள் கண்ணெதிரே ஒரே தராசில் எடை போடச் சொல்லுங்கள். வாசலுக்கே வந்து பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்பவர்களுக்குக் கதவைத் திறக்காதீர்கள். அவர்கள் வைத்திருக்கும் அமிலக் கரைசலில் தங்கம் கரையும். பளபளப்பாகத் திரும்பி வரும் சங்கிலி எடை குறைந்து வரும்.