ஓட்டத்தில் கடைசி என்றால் உடற்கல்வியிலும் கடைசியா?

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் 600 மீட்டர் ஓட்டத்தில் கடைசியாக வந்ததால், உடற்கல்வியில் அவளுக்குச் 'சி' தரம் போட்டிருக்கிறார்கள். விளையாட்டு வகுப்புக்கு ஆசையாகப் போகிற பிள்ளைக்கு இது நியாயமா?
- ஒரு வாசகி, மயூர் விகார், தில்லி

பதில்: நியாயமில்லை, அம்மா. மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவின் உடற்தகுதிச் சோதனைகளில் 600 மீட்டர் ஓட்டமும் 50 மீட்டர் விரைவோட்டமும் இருப்பது உண்மைதான். ஆனால் அவை பிள்ளையின் உடல் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, வகுப்பில் அவள் என்ன கற்றாள் என்பதைச் சொல்லமாட்டா. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 12 வயதையொட்டியே விறுவிறுவென உயர்கிறார்கள். அந்த வளர்ச்சி ஒருத்திக்கு முந்தியும் மற்றொருத்திக்குப் பிந்தியும் வருவதால், ஒரே பெஞ்சில் உட்காரும் இருவரின் ஓட்ட நேரத்தை ஒப்பிட்டுத் தரம் பிரிப்பது, உடல்வளர்ச்சிக்கு மதிப்பெண் போடுவதாகவே முடியும். ஓட்டத்தை எந்த மாதத்தில் வைத்தார்கள் என்றும் கேளுங்கள். நம் ஊரில் நவம்பர் மாதத்துப் புகைமூட்டத்தில் பிள்ளைகளை ஓடவிடுவதே தவறு.

ஏப்ரலில் பந்தை மார்போடு அணைத்துப் பிடித்தவள் இப்போது விரல்களால் பிடிக்கிறாளா, பிடித்ததும் நிமிர்ந்து பார்த்து, தடுப்பார் இல்லாத இடத்தில் நிற்கும் தோழிக்கு எறிகிறாளா, நெடுந்தூரம் ஓடும்போது தொடக்கத்திலேயே களைத்துவிடாமல் வேகத்தை அடக்கக் கற்றாளா என்பவையே பார்க்க வேண்டியவை. எவற்றைப் பார்க்கப்போகிறோம் என்பதை ஆசிரியர் மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஆட்டத்தின் நடுவிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இது எப்படி முடியும் என்பார்கள். ஒரு பாடவேளைக்கு ஐந்தாறு பேரைக் கவனித்தால் போதும், சில வாரங்களில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, முன்னேற்ற அட்டையில் மாணவரின் சுயமதிப்பீடும் சகமாணவர் மதிப்பீடும் இடம்பெற வேண்டும் என்கிறது. தோழியின் எறிதலைக் கவனித்துத் திருத்தம் சொல்லும் பிள்ளை தானும் அதைக் கற்றுக்கொள்கிறாள் என்பதால், உடற்கல்விக்கு இது மிகவும் பொருந்தும். ஆசிரியரைச் சந்தித்து, மகளின் ஆண்டுத் தொடக்கப் பதிவையும் இப்போதைய பதிவையும் அருகருகே வைத்துக் காட்டும்படி கேளுங்கள்.

கேள்வி: வேகமாக ஓட வராத நான் பன்னிரண்டாம் வகுப்பில் உடற்கல்வியைப் பாடமாக எடுக்கலாமா?
- ஒரு மாணவர், கரோல் பாக், தில்லி

பதில்: எடுக்கலாம். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30 மதிப்பெண்கள். அந்த முப்பதிலும் உடற்தகுதிச் சோதனை ஒரு பகுதிதான். விளையாட்டுத் திறன், யோகாசனம், பதிவேடு, வாய்மொழித் தேர்வு ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு.